புதன்கிழமை நாற்காலிகள்

புதன்கிழமை மாலை ஐந்தரை மணி ஆனால் அவர் தையல் கடை வாசலில் வந்து நிற்பார். துணி கொடுக்க அல்ல, நாற்காலி எடுக்க. அவர் குடியிருந்த கட்டடத்தின் தரைத்தளத்தில்தான் அந்தக் கடை. வாடிக்கைக்காரர்கள் உட்காரப் போட்டிருக்கும் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் தையல்காரர் அதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தயாராக வைத்திருப்பார். அந்த அடுக்கை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவர் மூன்றாம் மாடிக்கு ஏறுவார். லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படிகள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு முறை இறக்கி வைத்து மூச்சு வாங்குவார். பிறகு மறுபடி ஏற்றம். எட்டு வருடமாக இது நடந்ததால் கட்டடத்தில் அவருக்கு நாற்காலிக்காரர் என்றே பேர் விழுந்துவிட்டது.

"இந்த நாலும் என் கடையில உழைச்சதவிட உங்க வீட்டு ஜெபத்துலதான் அதிகம் உழைச்சிருக்கு. நான் போகலைன்னாலும் அதுங்க மோட்சத்துக்குப் போயிடும்" என்பார் தையல்காரர்.

அவர் சிரிப்பார். எட்டு வருடத்தில் இந்த வேடிக்கையை எத்தனை தடவை கேட்டிருப்பாரோ, ஒவ்வொரு தடவையும் அதற்கான சிரிப்பைக் கொடுக்கத் தவறியதில்லை.

மேலே இரண்டே அறைகள். முன்னறையில் கட்டில், கட்டிலில் மனைவி. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முதுகுத் தண்டில் ஏதோ வளர்ந்திருக்கிறது என்று அறுத்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள். இடுப்புக்குக் கீழே மட்டும் திரும்பி வரவில்லை. கால் இரண்டும் இருக்கின்றன, அவளுடையவை இல்லை என்பது போல இருக்கின்றன. பிள்ளைகள் கிடையாது. காலையில் அவர் வேலைக்குப் போனதும் எதிர்வீட்டு அம்மா இரண்டு மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போவார். மற்றதெல்லாம் அவர்தான். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, குதிகாலுக்குத் தலையணை வைப்பது, இரவில் அலாரம் வைத்து எழுந்து பக்கம் மாற்றுவது எல்லாம். எட்டு வருடப் படுக்கையில் அவள் உடம்பில் ஒரு புண் கூட வந்ததில்லை. அவரிடம் பாராட்டுவதற்கு ஒன்று உண்டென்றால் அது இதுதான். மற்றதைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகச் சொல்வதற்கில்லை.

புதன்கிழமைக்கு வருகிறவர்கள் நான்கு பேர். முதலில் சபையின் மூப்பர். வேலையில் இருந்தபோது வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர். இப்போது அவர் ஜெபம் பண்ணத் தொடங்கினால் மீட்டர் ஓடுவது போல ஓடும் என்று ரொட்டிக்கடை அக்கா சொல்வாள். அந்த அக்கா இரண்டாவது ஆள். மூன்றாவதும் நான்காவதும் ஓய்வுபெற்ற தபால்காரரும் அவர் மனைவியும். தபால்காரர் கண்ணை மூடினால் ஜெபமா தூக்கமா என்று ஆண்டவருக்கு மட்டும்தான் தெரியும். நான்கு பேரும் கட்டிலைச் சுற்றி உட்காருவார்கள். அவர் கால்மாட்டில் நிற்பார். மூப்பர் எல்லாருக்குமாகக் கேட்பார். இந்த மகளை எழுப்பும், இந்தக் கால்களுக்குப் பெலன் கொடும், அடுத்த புதன்கிழமை இவளே கதவைத் திறந்து எங்களை வரவேற்கச் செய்யும். எல்லாரும் ஆமென் சொல்வார்கள். முதல் வருடத்தில் அவள் சொன்ன ஆமென்தான் அறையிலேயே பெரியது. அது வரவரச் சிறுத்து இப்போது மூச்சு விடுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

இந்தப் புதன்கிழமைக்குப் பின்னால் ஒரு பொருத்தனை இருந்தது. அறுவை முடிந்த மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரிக் குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவர் ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்தார். அவள் எழுந்து நடக்கிற வரைக்கும் உம்மிடம் கேட்காமல் ஒரு புதன்கிழமை கூட விடமாட்டேன். விடவும் இல்லை. காய்ச்சலிலும் ஏறினார். சொந்த அண்ணன் இறந்த வாரத்தில், அடக்கம் முடித்த கையோடு பஸ் பிடித்துத் திரும்பி வந்து நாற்காலி எடுத்தார். பொருத்தனையைப் பற்றி மனைவியிடம் சொன்னதில்லை. சொன்னால் அவளுக்குப் பாரமாகும் என்று நினைத்தார்.

அவளிடம் சொல்லாதது இன்னொன்றும் இருந்தது.

அவருக்கு வேலை அதே ஆஸ்பத்திரியில், அறுவைக் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் பகுதியில். அங்கே பொருட்களைக் காக்கும் ஸ்டோர்காரர் பழைய சிநேகிதர். வருடா வருடம் கழித்துப் போடுகிற சாமான்களில் ஒரு சக்கர நாற்காலியாவது இருக்கும். இவர் மனைவி படுத்த முதல் வருடமே ஸ்டோர்காரர் நல்லதாக ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டுக் கூப்பிட்டார். இவர் மூப்பரிடம் யோசனை கேட்டார். மூப்பர், "சக்கர நாற்காலிய வீட்டுக்குள்ள விட்டா, இவ நடக்கமாட்டான்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த வருடம் வேண்டாம் என்று சொன்னார். அடுத்த வருடமும் சொன்னார். ஆண்டவரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, அவர் தராவிட்டால் இருக்கட்டும் என்று இன்னொன்றை ஓரமாக எடுத்து வைத்துக்கொள்வது என்ன விசுவாசம்? இதைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. இப்படிப்பட்ட தப்பை விசுவாசமில்லாதவன் செய்யவே முடியாது.

எட்டாவது வருடம் ஸ்டோர்காரர் அவரைத் தேடி அலையாமல் வீட்டுக்கு ஃபோன் பண்ணிவிட்டார். தலையணைக்குப் பக்கத்தில் இருந்த ஃபோனை எடுத்தது மனைவி.

அன்றைக்குப் புதன்கிழமை. அவள் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. வந்தவர்கள் வந்தார்கள், மீட்டர் ஓடியது, தபால்காரர் தலை தொங்கியது, எல்லாரும் போனார்கள். அவர் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியபோது அவள் சொன்னாள்.

"ஸ்டோர்ல இருந்து ஃபோன் வந்துச்சு."

"எந்த ஸ்டோர்?"

"உங்க ஆஸ்பத்திரி ஸ்டோர்தான். இந்தத் தடவையும் வேண்டாம்னா வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்குப் போயிடுமாம். அண்ணன்கிட்ட சொல்லுங்க அக்கான்னாரு."

அவர் நாற்காலியைக் கையில் வைத்தபடியே நின்றார். எத்தனை வருடமா என்று அவள் கேட்டாள். எட்டு என்றார். ஏன் என்று கேட்டாள். மூப்பர் சொன்னதைச் சொன்னார். தானும் அப்படித்தான் நினைத்ததாகவும் சொன்னார், பழியை முழுக்க மூப்பர் தலையில் கட்ட மனம் வரவில்லை. நீ மனசு விட்டுடுவியோன்னு பயந்தேன் என்றார் கடைசியில்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூரையின் ஒவ்வொரு விரிசலும் அவளுக்கு மனப்பாடம்.

"எனக்கு அந்த மாதிரி ஒண்ணு கிடைக்கும்னே தெரியாதுங்க. கேக்கலாம்னு எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்திருக்கு. கேட்டா நீங்க ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு முழுங்கிட்டேன்."

"அப்ப புதன்கிழமை ஜெபம்?"

"உங்களுக்காகத்தான் ஆமென் சொல்லிட்டிருந்தேன்."

"நான் உனக்காகத்தான் தூக்கிட்டு ஏறினேன்."

"நல்லா குடும்பம் நடத்தியிருக்கோம்" என்றாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. இரண்டு பேரிடமும் அதற்குமேல் சிரிக்கத் தெம்பில்லை.

அவர் நாற்காலியைக் கட்டிலோரம் போட்டுத் தானே அதில் உட்கார்ந்தார். இத்தனை புதன்கிழமைகளில் அந்த நாற்காலிகளில் அவர் உட்கார்ந்தது அன்றுதான். ஆண்டவர் இன்னும் பதில் சொல்லவில்லையே என்றார், அவளுக்குச் சொன்னாரோ தனக்கே சொல்லிக்கொண்டாரோ.

"சொல்லிட்டாருங்க. ரெண்டாவது வருஷமே சொல்லிட்டாரு. இல்லைன்னு. நான் ரெண்டு மாசம் அழுதேன், நீங்க வேலைக்குப் போனப்புறம். அப்புறம் சரின்னுட்டேன்."

"உனக்கெப்படி நிச்சயமாத் தெரியும்?"

"இருபத்தோரு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவ நான். ஒரு பையன் ஒரே கேள்விய திரும்பத் திரும்பக் கேட்டா, விடை கேக்கலைன்னு அர்த்தமில்ல. விடை பிடிக்கலைன்னு அர்த்தம்."

அப்போதுதான் அவர் பொருத்தனையைச் சொன்னார். குளியலறை, தாழ்ப்பாள், கொடுத்த வாக்கு, எல்லாவற்றையும். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என் காலுக்காக நீங்க வாக்குக் கொடுத்தீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பிறகு அவளே, நடக்கணும்னு எனக்கு இப்ப ஆசையில்ல என்றாள். சமையலறைக்குப் போக வேண்டும். உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்பது கூட அவளுக்கு மறந்துபோய்விட்டது. குடித்த கப்பைத் தானே கழுவி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்று நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போனவர் ஏறி வர வெகுநேரம் ஆயிற்று. படியில் உட்கார்ந்துவிட்டார். சக்கர நாற்காலியைக் கொண்டுவருவது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. பொருத்தனையைத்தான் கடக்க முடியவில்லை. அவரிடம் வேறு என்ன இருந்தது? பதவி உயர்வு வந்தபோது புதன்கிழமை மாலை வேலை இருக்கும் என்று விட்டுக்கொடுத்தார். ஊர் பார்த்ததில்லை, ஓய்வு எடுத்ததில்லை. ஒரு நாளும் தவறவில்லை என்கிற அந்த ஒன்றைத்தான் ஆண்டவர் முன்னால் வைக்கத் தக்கதாக அவர் சேர்த்து வைத்திருந்தார். அவளுக்கே வேண்டாத ஒன்றை இனிப் புதன்கிழமைதோறும் கேட்க முடியாது, இப்போது அதையும் தன் கையாலேயே உடைக்க வேண்டும். உடைத்துவிட்டு, வாக்குத் தவறியவனாக அவர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

மறுநாள் வேலையில் ஒன்று நடந்தது. கருவிகளைக் கழுவி, உலர்த்தி, எண்ணி, இரண்டு மடிப்புத் துணியில் சுற்றி, மேலே ஒரு டேப் ஒட்டி நீராவி இயந்திரத்துக்குள் அடுக்குவார்கள். சூடு பட்டால் டேப்பில் கறுப்புக் கோடுகள் தெரியும். ஆனால் அது வெளிக்கணக்கு. நீராவி உள்ளே போயிற்றா என்று பார்க்க மூட்டைக்கு நடுவில் ஒரு சின்ன அட்டைத் துண்டு வைப்பார்கள். பிரிக்கும்போது அதன் நிறம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால் மூட்டை முழுக்கத் திரும்ப வரும். அன்று அறுவை அறையிலிருந்து ஒரு மூட்டை திரும்பி வந்தது. வெளியே டேப் கன்னங்கரேல் என்று கறுத்திருந்தது. உள்ளே அட்டை வைத்தது வைத்தபடி வெளுப்பாக இருந்தது. மேலே இருந்த கையெழுத்து அவருடையது.

கூட வேலை செய்கிற பெண் துணியின் மடிப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இவ்ளோ இறுக்கிக் கட்டினா ஆவி எந்த வழியா போகும் அண்ணே? கை போற இடைவெளி வேணும், கை போற இடைவெளி வேணும்னு எங்க உயிர எடுப்பீங்களே."

முப்பது வருடத்தில் அவர் கட்டிய மூட்டை இப்படித் திரும்பியதில்லை. ஏன் இறுக்கினோம் என்று யோசித்தார். வேறொன்றுமில்லை, அவிழ்ந்துவிடுமோ என்கிற பயம்தான். அவர் மூட்டையைப் பிரித்து, எல்லாவற்றையும் மறுபடி கழுவி, இந்தத் தடவை தளர்வாகச் சுற்றினார். கட்டியவன் சாமர்த்தியத்தால் எதுவும் சுத்தமாவதில்லை. கட்டியவன் விட்ட இடைவெளியில் வேறொன்று நுழைந்து சுத்தம் செய்கிறது. இதை முப்பது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எட்டு வருடமாக ஆண்டவர் உள்ளே நுழைய ஒரு கை இடம் விடாமல் தன் விசுவாசத்தை அவர் இறுக்கிக்கொண்டே போயிருக்கிறார். ஒப்படைக்கிறேன் என்று வாயால் சொன்னதெல்லாம் வெளியே ஒட்டிய டேப்.

மத்தியானம் ஸ்டோருக்குப் போய், அது இன்னும் இருக்கா என்று கேட்டார். ஸ்டோர்காரர் உள்ளே போய் அதை உருட்டிக்கொண்டு வந்தார். இடது முன் சக்கரம் கிறீச்சிட்டது. அவர் அதைக் கருவிகளைக் கழுவுவது போலவே மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, எண்ணெய் விட்டு, கிழிந்த இருக்கைக்குப் புதுத் துணி போட்டார். துணி தைத்துக் கொடுத்தது தரைத்தளத்துத் தையல்காரர். அதெல்லாம் முடிய அடுத்த புதன்கிழமை ஆகிவிட்டது.

அன்று அவர் இரண்டு தடவை ஏறினார். முதலில் மடக்கிய சக்கர நாற்காலியோடு. பிறகு வழக்கமான நாலோடு.

மூப்பர் வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. ஒரு கணம் மூப்பர் முகம் மாறிய மாறுதலைப் பார்த்து நாற்காலிக்காரருக்கே பாவமாகிவிட்டது. நடந்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார் மனிதர். சமையலறைப் பக்கமிருந்து தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவள் குழாயடியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு துண்டு விரித்து, கப் கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்த எல்லாக் கப்பையும் கழுவியிருந்தாள், சுத்தமாக இருந்தவற்றையும் சேர்த்து.

"வாங்க மூப்பரே. உக்காருங்க. கதவத் திறக்க முடியல, கை ஈரம்" என்றாள்.

மூப்பர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முட்டிகளையும் கையால் பிடித்துக்கொண்டார். அப்ப விசுவாசம் என்னாச்சு என்று அவரிடம் மெதுவாகக் கேட்டார். குரலில் கோபமில்லை.

"இருக்குங்க. கேக்கறதுதான் தீர்ந்துபோச்சு" என்றார் நாற்காலிக்காரர்.

இன்றைக்கு நானே ஜெபம் பண்ணட்டுமா என்று அவர் கேட்டுக்கொண்டார். அவர் வாய்விட்டு ஜெபித்து அங்கே யாரும் கேட்டதில்லை. கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, எட்டு வருஷமா உம்ம கையப் பிடிச்சு முறுக்கிட்டு இருந்தேன். விட்டுட்டேன். நான் கொடுத்த வாக்கு உடைஞ்சு போச்சு, அதையும் உம்மகிட்டயே போட்டுட்டேன். இவ நடக்கலைன்னாலும் நீர் எனக்கு ஆண்டவர்தான். எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு. ஆமென்."

சமையலறை வாசலிலிருந்து வந்த ஆமென் எல்லார் காதிலும் விழுந்தது. ஜெபம் இவ்வளவு சீக்கிரம் முடிந்து பழக்கமில்லாத தபால்காரர், பாதித் தூக்கத்தில் விழித்து, என்ன ஆச்சு என்று மனைவியைக் கேட்டார். ரொட்டிக்கடை அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரெண்டு வருஷமாவே எனக்கு இப்படித் தோணுச்சு, நம்ம மட்டும் எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன் என்றாள். மூப்பர் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

"இது சரின்னு எனக்குப் படல. தப்புன்னு சொல்லவும் வாய் வரமாட்டேங்குது" என்றார்.

அவர் மூப்பரோடு வாதாடவில்லை. அப்போது அவள் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அறைக்கு நடுவே வந்து, கீழே போகணும் என்றாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"அந்தத் தையல்காரர் குரலத்தான் எட்டு வருஷமா ஜன்னல் வழியா கேக்கறேன். ஆள் எப்படி இருப்பாருன்னு மறந்துபோச்சு."

முதலில் எழுந்தது மூப்பர்தான். போய்ச் சக்கர நாற்காலியின் முன்பக்கத்தைப் பிடித்தார். பின்பக்கம் அவர். இரண்டு பக்கமும் தபால்காரரும் ரொட்டிக்கடை அக்காவும். தபால்காரர் மனைவி முன்னால் போய், படி, படி, திருப்பம் என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். இரண்டாம் மாடியில் மூப்பர் சுவரில் சாய்ந்து, மீட்டர் பாக்கப் போன காலத்துல ஒரு நாளைக்கு நூறு மாடி ஏறுவேன் என்று சொன்னார். இறங்கினது யாரு என்று அவள் கேட்டாள். மூப்பருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கீழே தையல்காரர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெளியே ஓடி வந்தார். வாங்க டீச்சர், வாங்க என்றார். உட்காரச் சொல்ல நாற்காலியைத் தேடினார். நான்கும் மேலே இருந்தன. அவள் உட்கார்ந்தபடியேதானே வந்திருக்கிறாள் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. தூக்கி வந்த மற்றவர்கள் ஆளுக்கொரு படியில் உட்கார்ந்தார்கள். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார்கள். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், யாரும் நின்று பார்க்கவில்லை. அவள் போகிறவர்களின் கால்களைப் பார்க்கவில்லை, முகங்களைத்தான் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இறக்கியாச்சு. எப்படி ஏத்தப் போறீங்க?" என்று தையல்காரர்தான் கேட்டார்.

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூப்பர் தன் முட்டியைப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் போகட்டும்" என்றாள் அவள். பிறகு மூப்பர் பக்கம் திரும்பாமலே, "எப்படியும் புதன்கிழமை புதன்கிழமை நாலு பேர் வர்றீங்க" என்றாள்.

மூப்பர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படிக்கட்டைத் திரும்பி ஒரு தடவை மேலே வரை பார்த்தார். தூக்கி இறக்குவதற்கு நாலு நாற்காலி தேவைப்படாது என்று மட்டும் சொன்னார்.

அவர் கடைசிப் படியில், மனைவியின் சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்து நான்கு படிகளும் முதுகுக்குப் பின்னால் அப்படியே இருந்தன. ஒன்று கூடக் குறையவில்லை. எழுந்து அவற்றை ஏற வேண்டும், இரவு அலாரம் வைத்து அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், காலையில் வேலைக்குப் போக வேண்டும். ஆண்டவரிடம் ஏதாவது கேட்கலாமா என்று நினைத்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. தலையைச் சக்கரத்தின் மேல் சாய்த்துக்கொண்டார். அவள் பிரேக்கை இன்னொரு தடவை அழுத்திப் போட்டாள்.